தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: மாற்றிக் கட்டலாமா, அப்படியே விடலாமா?

கேள்வி: மன்னார்குடியில் எங்கள் தாத்தாவின் 1966 மாடல் இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பல வருஷமாக ஓடாமல் கொட்டகையில் நிற்கிறது. கூரையை வெட்டி, மாருதி ஆம்னி இன்ஜின் போட்டு, ஓப்பன் ஸ்போர்ட்ஸ் காராக மாற்றித் தருகிறேன் என்கிறார் ஒரு பட்டறைக்காரர். கம்பெனியில் வந்தபடியேதான் இருக்க வேண்டும் என்கிறார் சித்தப்பா. யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

சித்தப்பா பேச்சை முக்கால்வாசி கேளுங்கள். பட்டறைக்காரர் சொன்ன இரண்டு வேலையும் வேண்டாம். அதற்காக 1966-இல் போட்ட ஒவ்வொரு ரப்பர் குழாயையும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதும் இல்லை.

கும்பகோணத்தில் என்னிடமும் இதே இரண்டு கதவு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. கண்காட்சிக்கு நிற்கிற வண்டி இல்லை, மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போய் வருகிற வண்டி. அதில் நான் மாற்றியிருப்பது கொஞ்சநஞ்சம் அல்ல. எனக்கு ஒரே ஒரு கணக்குதான். ஸ்பேனரால் மாட்டியதை நாளைக்கு ஸ்பேனராலேயே கழற்றிப் பழையபடி வைக்க முடியுமென்றால் தாராளமாகச் செய்யலாம். கட்டரும் வெல்டிங்கும் வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட வேண்டும். துரு தின்ற இடத்தை அடைக்கும் வெல்டிங் வேறு கதை, அது வைத்தியம்.

முதலில் இன்ஜின். ஹெரால்டில் இருப்பது 948 சிசி, 4 சிலிண்டர், ஒற்றை கார்புரேட்டரோடு சுமார் 35 குதிரை சக்தி. ஆம்னியில் வருவது 796 சிசி, 3 சிலிண்டர், அதுவும் 40-ஐத் தாண்டாது. இந்த வித்தியாசத்துக்காகவா மவுண்டிங்கை அறுத்து, கியர்பாக்ஸை மாற்றி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை லேத்தில் கொடுத்து நறுக்கி ஒட்டுவது? ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கும் என்பது ஒன்றுதான் லாபம், அது உண்மையும்கூட. ஆனால் பழைய இன்ஜினுக்கும் போரிங் போடலாம், ஹெட் வேலை செய்யலாம், வால்வு கடைந்துகொள்ளலாம். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பம்ப்செட் இன்ஜினையும் டிராக்டரையும் பிரித்துக் கோத்தே கை பழகிய லேத்காரர்களுக்கு இது ஒரு பெரிய வேலையே கிடையாது.

இதில் சட்டமும் குறுக்கே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆனது. அப்புறம் விபத்து ஏதாவது நடந்து இன்சூரன்ஸ்காரர் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பார்க்க வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 2021-இல் மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் பழைய உருவிலேயே இருக்க வேண்டும். உங்கள் வண்டி வயதில் எப்போதோ பாஸாகிவிட்டது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருஷம் செல்லும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வகைக்குள் போய்விட்டால் அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. நான் அதனால்தான் அந்தப் பக்கம் போகவில்லை. நீங்களும் போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆம்னி இன்ஜினை உள்ளே இறக்கிய நாளோடு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும், அவ்வளவுதான்.

கூரை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. நம் பக்கம் ஜானவாசத்துக்கு மாப்பிள்ளையை உட்கார வைக்க ஓப்பன் கார் தேடுவார்கள் இல்லையா, அந்த வாடகைக்கு ஆசைப்பட்டு நல்ல வண்டிகளின் தலையைச் சீவியதை நானே பார்த்திருக்கிறேன். ஹெரால்டில் அந்தப் பாவம் தேவையே இல்லை. இந்த வண்டியின் பாடி ஒரே வார்ப்பாக இல்லாமல், துண்டு துண்டாக ஒரு தனி சேசிஸின் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கூரையும் அப்படித்தான். முன் கண்ணாடிச் சட்டத்தின் மேலேயும் பின்னாலேயும் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம். இங்கிலாந்தில் இதே வண்டி கன்வெர்ட்டிபிளாகவும் விற்றது. ஆனால் கூரைக்கும் வண்டியின் விறைப்பில் பங்கு உண்டு. அதை எடுத்துவிட்டுக் குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டினால் கதவுச் சந்து விலகக்கூடும். ஐப்பசி கார்த்திகையில் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆசைக்குத் தை மாதத்தில் ஒரு நாள் கழற்றி ஓட்டிப் பாருங்கள், போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

இனி சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை. 'கம்பெனியில் வந்தபடி' என்கிறாரே, அந்தக் கம்பெனியே சும்மா இருந்ததில்லை. ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961-இலிருந்து சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதை இங்கே தயாரித்தது. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு வந்ததே இல்லை. நம் ஊர்க் குடும்பம் ஏறி இறங்க வேண்டுமே என்று 60-களின் கடைசியில் இங்கேதான் நான்கு கதவு வைத்தார்கள். 1972-இல் கெசல் என்று பெயர் மாற்றியபோது பின் ஆக்சிலையே மாற்றிவிட்டார்கள். தயாரித்தவர்களே ஊருக்குத் தகுந்தபடி மாற்றியிருக்கும்போது, பேட்டரியைச் சார்ஜ் செய்கிற பழைய டைனமோவுக்குப் பதில் நாம் ஆல்டர்னேட்டர் போட்டால் குடிமுழுகிப் போகாது.

அவர்கள் மாற்றிய அந்தப் பழைய பின் ஆக்சில்தான் உங்கள் ஸ்போர்ட்ஸ் கார் ஆசைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, அதே 948-இன் வம்சத்தில் வந்த 1,147 சிசி இன்ஜினில் இரட்டை கார்புரேட்டர் போட்டு 1962-இல் வந்ததுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதையும் வரைந்தது மிக்கெலோட்டிதான். ஆக, உங்கள் கொட்டகையில் நிற்பது ஏற்கெனவே ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன். குணமும் கொஞ்சம் அதே குணம். பின்சக்கரங்கள் இரண்டும் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற கியர்ப் பெட்டியிலிருந்து தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். நேர் ரோட்டில் சுகமாக இருக்கும். அரசலாற்றங்கரை மாதிரி வளைவுகளில் வேகமாக நுழைந்துவிட்டு, எதிரே டிராக்டரைப் பார்த்துப் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் அடியில் மடங்கும், பின்பக்கம் தன்னிஷ்டத்துக்குச் சறுக்கும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் வைக்கோலும் டிராக்டர் சக்கரச் சேறும் கிடக்கும்போது இது விளையாட்டில்லை.

ஸ்பிட்ஃபயரிலும் இதே வியாதி இருந்தது. 1970-இல் வந்த அதன் நான்காம் மாடலில் பின்சக்கரங்களைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கை மாற்றினார்கள். ஒரு பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றவை நடுவில் ஆடுகிற மாதிரி வைத்தார்கள். ஸ்போர்ட்ஸ் காராக்க வேண்டும் என்றால் பணத்தை இந்த மாதிரி வேலையில் போடுங்கள். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் அப்படித்தான்: ஸ்பிட்ஃபயரில் வந்த செட்டை ஹப்போடு சேர்த்து வாங்கினால் அதே இடத்தில் போல்ட்டில் உட்காரும். பழைய டிரம்மைத் துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் போடலாம். டயருக்கு வெளிநாடு போக வேண்டாம், பழைய வேகன் ஆருக்கு வந்த 145/80 ஆர்13 ரேடியல் போதும். பழைய ரிம் என்பதால் டியூப் போட்டே மாட்டுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதில் மட்டும் நான் கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருப்பதை ஒரு எழுத்து மாற்ற விடமாட்டேன். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ட்ரனியன் என்கிற பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைக்குள் தண்டு திரும்பும். அதற்குப் போட வேண்டியது ஈபி 90 கியர் ஆயில், கிரீஸ் கூடாது. நம் பட்டறைப் பையன்களுக்கு நிப்பிளை, அதாவது கிரீஸ் அடிக்கும் வாயைக் கண்டால் கை சும்மா இருக்காது. "அண்ணே, நிப்பிள் இருந்தா கிரீஸ்தானே?" என்று கேட்டுக்கொண்டே கிரீஸ் கன்னை வைத்துவிடுவான். கிரீஸ் அந்த மரைச் சந்துக்குள் சரியாக இறங்காது, நாளாக ஆகக் காய்ந்து இறுகிவிடும். அப்புறம் தண்ணீர் புகும், தண்டு உள்ளுக்குள் துருப்பிடிக்கும், ஒரு நாள் திருப்பத்தில் மரை இருக்கும் இடத்திலேயே முறிந்து சக்கரம் படுத்துவிடும். நான் ஒரு பழைய கிரீஸ் கன்னைக் கழுவி, அதில் கியர் ஆயில் மட்டுமே ஊற்றி, யார் கையும் படாமல் தனியாக வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னும் பின்னும் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி அடிப்பேன். முதலில் செம்மண் கலரில் தண்ணீர் கசியும், பிறகு கறுப்பு ஆயில் வரும், கடைசியில் மேல் விளிம்பில் தேன் நிறத்தில் புது ஆயில் எட்டிப் பார்க்கும். அதுவரை நிறுத்தக் கூடாது. தேய்ந்துபோன ட்ரனியனுக்கு நாச்சியார்கோவிலில் வார்த்துக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். குத்துவிளக்குக்கு அவர்களை மிஞ்ச ஆளில்லைதான். ஆனால் சக்கரத்தின் சுமையைத் தாங்கும் உலோகம் வேறு, அதை ஸ்பேராகவே வரவழையுங்கள்.

மற்ற மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் இப்போது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாயும் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறி உப்பி வெடிக்கும். ஓட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரப்பருக்கு மாற்றிவிடுங்கள், இதில் பழமை பார்த்தால் வண்டி பற்றிக்கொள்ளும். உங்கள் இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. வால்வு சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். 2000-க்குப் பிறகு நாட்டில் அந்தப் பெட்ரோல் கிடையாது. ஹெட்டைப் பிரிக்கும்போது கடினமான வால்வு சீட் போடச் சொல்லுங்கள், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. நேரம் பார்த்து ஸ்பார்க் கொடுக்க வைக்கும் பழைய பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் மழைக்காலக் காலையில் செல்ஃப் அடித்துப் பேட்டரியைச் சாகடிக்க வேண்டாம். ஆனால் ஆல்டர்னேட்டரோ இக்னிஷனோ மாட்டும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். கதிரடிக்கும் காலத்தில் ரேடியேட்டரில் பதர் அடைக்கும், தண்ணீர் பைப்பை உள்ளிருந்து வெளியே அடித்துக் கழுவினால் போதும். கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் எலி ஒயரைக் கடித்திருக்கும், அதைப் பார்க்காமல் பேட்டரியை இணைக்காதீர்கள்.

பணத்தில் பெரும்பங்கு துருவுக்குத்தான் போகும், அதற்குத் தயாராக இருங்கள். பாடியைத் தாங்கச் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், டிக்கியின் தரை, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பட்டை, இந்த மூன்று இடத்திலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மன்னார்குடிக்கு வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்று அவ்வளவு இல்லை, ஆனால் ஈரம் போதும். டிங்கரிங்காரர் பட்டி பூசி மெழுகிவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் பார்ப்பார், பெயிண்டுக்கு முன் ஒரு தடவை வெறும் தகட்டோடு வண்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஆர்.சி. புக்கைத் தேடி எடுங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுக்கு மாற்றப் படிவம் 31 கொடுக்க வேண்டும், சித்தப்பா, அத்தை எல்லோருடைய சம்மதமும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், பெரும்பாலும் காலாவதி ஆகியிருக்கும். புக்கில் இருக்கும் இன்ஜின் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று ஒரு டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், ஸ்பேர் எங்கே வாங்குவது என்று சொல்கிறேன்.