கன்ட்ரோலர் செத்தால் டிஸ்க் பிழைக்குமா? கேள்வி - பதில்

கே: எட்டு டிஸ்க்கில் ரெய்டு 6 (பல டிஸ்க்கை ஒரே தொகுப்பாகச் சேர்க்கும் முறை) போட்டிருக்கிறேன், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். டிஸ்க்குகளை ஆளும் கன்ட்ரோலர் கார்டு போனால்?

ப: மொத்தமும் நிற்கும். எட்டு டிஸ்க்கும் ஒரே கார்டில்தானே தொங்குகின்றன?

கே: சர்வர் திடீரென்று டிஸ்க்கைக் காட்டவில்லை. மீட்க வழி சொல்லவும், மிக அவசரம்!

ப: என்ன கார்டு, எத்தனை டிஸ்க், திரையில் என்ன பிழை, எதுவுமே எழுதவில்லை. நான் ஜோசியக்காரன் இல்லை. முதலில் எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று மார்க்கரால் குறித்துவையுங்கள். கார்டு 'இனிஷியலைஸ்' (டிஸ்க்கைப் புதிதாகத் தயார்) செய்யவா என்று கேட்டால் தொடவே தொடாதீர்கள்.

கே: ரெய்டு கார்டு எரிந்துவிட்டது. வேறு கம்பெனிக் கார்டு போட்டாலும் ஓடும், எல்லாம் ரெய்டு 5தானே என்கிறார் கடைக்காரர்.

ப: அவர் டேட்டா இல்லையே, சொல்வார். டிஸ்க் வரிசை, ஸ்ட்ரைப் (டேட்டாவை வெட்டிப் பரப்பும் துண்டு) அளவு, பாரிட்டி (இழந்ததை மீட்க உதவும் கணக்கு) சுற்றும் முறை எல்லாவற்றையும் கார்டு தன் பாணியில் டிஸ்க்கிலேயே எழுதிவைக்கிறது. உதாரணமாக, மெகாரெய்டு என்ற வகைக் கார்டு போனால் அதே குடும்பத்தில் இன்னொன்றைப் போடுங்கள். 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' (வேறு கார்டு எழுதிய அமைப்பு) என்று காட்டும், இம்போர்ட் கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வேறு வகையான அடாப்டெக்கைப் போட்டு அதை எதிர்பார்க்காதீர்கள். இந்த அமைப்பை எழுத டிடிஎஃப் என்று பொதுத் தரம் ஒன்று உண்டுதான், அதை நம்பிக் கம்பெனி மாறாதீர்கள். டிஸ்க்கில் எழுதாமல் கேஷில் (கார்டின் தற்காலிக நினைவகத்தில்) நின்ற டேட்டாவும் கார்டோடு போயிருக்கலாம். மவுன்ட் செய்யுமுன் (சர்வரில் திறக்குமுன்) டிஸ்க்குகளை இமேஜ் (முழு நகல்) எடுங்கள்.

எனக்கு எரிச்சலே இதுதான். ஸ்பேர் டிஸ்க் வாங்குகிறவர்கள் ஸ்பேர் கார்டு வாங்குவதில்லை. ஐந்தாறு வருஷம் கழித்து அந்த மாடலே சந்தையில் இருக்காது. அப்போது பழைய சாமான் கடைகளில் தேடி அலைவார்கள். கார்டு இரண்டாக வாங்குங்கள், ஃபர்ம்வேரும் (கார்டுக்குள் ஓடும் மென்பொருளும்) ஒன்றாக இருக்கட்டும். முடியாதென்றால் சாதாரண எச்பிஏ (டிஸ்க்குகளை இணைக்க மட்டும் உதவும் கார்டு) போட்டு, ரெய்டு வேலையை மென்பொருளிலேயே செய்யும் லினக்ஸின் எம்டி ரெய்டு அல்லது இசட்எஃப்எஸ் வையுங்கள். போர்டு எரிந்தாலும் டிஸ்க்குகளை வேறு மெஷினில் செருகி எழுப்பிவிடலாம். எதுவானாலும் டேட்டா ஏற்றுமுன் கார்டை மாற்றிப்போட்டு ஒத்திகை பாருங்கள்.

கே: இரண்டு எச்பிஏ, எட்டு டிஸ்க். எப்படிப் பிரிக்கலாம்?

ப: ஜோடி ஜோடியாக மிர்ரர் (ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும்). ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இந்தக் கார்டில், மற்றது அந்தக் கார்டில். ரெய்டு 6 என்றால் ஒரு கார்டில் இரண்டு டிஸ்க்குக்கு மேல் கூடாது, அதாவது நான்கு கார்டு வேண்டும். 2006-இல் வந்த சன் கம்பெனியின் எக்ஸ்4500 சர்வரில் 48 டிஸ்க், ஆறு கன்ட்ரோலர். தொகுப்புக்கு ஒரு கன்ட்ரோலரில் ஒரு டிஸ்க் என்று எடுத்தால் கன்ட்ரோலரே போனாலும் தொகுப்புக்கு ஒரு டிஸ்க்தான் நஷ்டம். பேக்பிளேன் (டிஸ்க்குகளைச் செருகும் பலகை) ஒன்றேயானால் இரண்டு கார்டு இருந்தும் அரைப் பாதுகாப்புதான். ஒத்திகையை மறக்காதீர்கள்: ஒரு கார்டின் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.

கே: சாட்டா (சாதாரண கம்ப்யூட்டர்களின் இணைப்பு வகை) டிஸ்க்கில் மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்கு இரண்டு வழி) செய்யலாமா?

ப: சாட்டாவுக்கு ஒரே போர்ட். இரண்டு போர்ட் சர்வர்களுக்கான சாஸ் வகை டிஸ்க்கில் உண்டு.

கே: மிர்ரர் இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

ப: கன்ட்ரோலர் சுத்தமாகச் செத்தால் நல்லது. அரைகுறையாகப் பழுதானால், ஜோடி அதே கன்ட்ரோலரில் இருந்தால் டிஸ்க் இரண்டிலும் குப்பையை எழுதலாம். பேக்கப் எடுங்கள், வேறு மெஷினில்.