எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, பிறகு ஏன் சி.டி. ஸ்கேன்?

கேள்வி: ஐந்து நாட்களுக்கு முன் விளையாடும்போது என் தம்பிக்கு (வயது 26) இடது கண்ணில் பந்து பட்டது. வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் மேலே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, கன்னமும் மரத்துக் கிடக்கிறது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றவர்கள், இப்போது கண்குழிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அது அவசியமா? கதிர்வீச்சால் பார்வை கெடாதா? எம்.ஆர்.ஐ. போதாதா?

பதில்: அவசியம்தான், தள்ளிப்போடவும் வேண்டாம். நீங்கள் எழுதியுள்ள இரண்டு அறிகுறிகளுமே கண்குழியின் அடித்தளத்தைத்தான் சுட்டுகின்றன. கண்குழியின் விளிம்பு தடித்த எலும்பு. அடித்தளமும் மூக்கை ஒட்டிய உட்சுவரும் மிக மெல்லியவை. முன்னாலிருந்து பலமாக அடிபடும்போது விளிம்பு தாங்கிக்கொள்ள, தளம் மட்டும் உடைந்து, கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பும் சில சமயம் கண்ணை அசைக்கும் கீழ்த்தசையும் கன்ன சைனஸுக்குள் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை) இறங்கிவிடுவதுண்டு. தசை அங்கே சிக்கினால் கண் மேலே திரும்பாது, இரட்டைப் பார்வை வரும். கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் உணர்வு தரும் நரம்பு அந்தத் தளத்தின் வழியே செல்வதால் மரத்துப்போகிறது.

முக எலும்புகள் எக்ஸ்ரேயில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் இவ்வகை முறிவு எளிதில் தப்பிவிடும். சி.டி.யில் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த தடிமனில் படமெடுத்து, முகத்துக்கு இணையான வெட்டுகளாக அவற்றை மாற்றிப் பார்க்கிறோம். இரண்டு கண்குழிகளும் அருகருகே தெரிவதால் வலப்பக்கத்தோடு ஒப்பிட்டு, தளம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தட்டையாக இருக்கவேண்டிய கீழ்த்தசை உருண்டு முறிவுக்குள் தொங்குகிறதா என்று சொல்லமுடியும். இதற்குச் சாய ஊசி தேவையில்லை. சைனஸ் தொற்று கண்குழிக்குள் பரவிச் சீழ் கட்டியிருக்கிறதா என்று தேடும்போதுதான் அது வேண்டியிருக்கும்.

ஆனால் படம் மட்டுமே அறுவைச் சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. தளத்தில் பாதிக்கு மேல் உடைந்திருந்தாலோ, கண் 2 மி.மீ.க்கு மேல் உள்வாங்கியிருந்தாலோ, தசை சிக்கி இரட்டைப் பார்வை நீடித்தாலோ, பெரியவர்களுக்குப் பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் சரிசெய்வோம். சிறுவர்கள் விஷயம் வேறு. வளையும் தன்மையுள்ள அவர்களின் எலும்பு விலகித் தசையைக் கவ்விக்கொண்டு மீண்டும் மூடிவிடும் என்பதால், கண் சிவக்காமல் வெள்ளையாகவும் ஸ்கேன் ஏறக்குறைய இயல்பாகவும் இருக்கும்போதே வாந்தியும் நாடித்துடிப்புக் குறைவும் வரலாம். அங்கே ஓரிரு நாட்களுக்குள் அறுவை தேவை.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை, தலைப்பகுதி சி.டி.யில் கிடைப்பது சுமார் 2 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து ஓராண்டில் நாம் சராசரியாகப் பெறுவதும் ஏறத்தாழ அவ்வளவே. கண் வில்லை கதிர்வீச்சுக்குக் கூருணர்வு உடையதுதான், எனினும் ஒரு ஸ்கேனில் அது பெறும் அளவு கண்புரையை உண்டாக்கும் அளவைவிடப் பல மடங்கு குறைவு. காரணமின்றித் திரும்பத் திரும்ப எடுப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

எம்.ஆர்.ஐ. பார்வை நரம்பையும் கட்டிகளையும் நன்றாகக் காட்டும், மெல்லிய எலும்பை அவ்வளவு தெளிவாகக் காட்டாது. கண்ணில் இரும்புத் துகள் தெறித்திருக்கக்கூடும் என்ற நிலையில், எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் துகளை நகர்த்திவிடும் என்பதால் சி.டி.யில் பார்க்காமல் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பவே கூடாது.

மருத்துவர் அனுமதிக்கும்வரை தம்பி மூக்கைச் சிந்தக்கூடாது. சைனஸ் காற்று முறிவின் வழியே கண்குழிக்குள் புகுந்துவிடும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். திடீரெனப் பார்வை மங்கினாலோ, கண் பிதுங்கிக் கடுமையாக வலித்தாலோ, ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.