சினிமா, பணம், ரிஸ்க்: உங்கள் வீட்டில் ஓயாமல் நடக்கும் வாக்குவாதம் எது?

எங்கள் வீட்டில் மூன்றும் ஒரே சண்டைதான். வீட்டைப் படப்பிடிப்புக்கு விடலாமா, கூடாதா.

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் நுழைந்து அந்தத் தெருவில் வெளியே வரலாம். நாலு பங்கு. குடியிருப்பது அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), ஆத்தா, நான், என் வீட்டுக்காரி. மற்ற மூன்று பங்காளிகளும் கல்யாணம், முன்னோர்களுக்குப் படைப்பு என்றால் வந்து சாவி கேட்பார்கள்.

போன ஆடியில் ஒரு சினிமாக் கம்பெனி மேனேஜர் வந்தார். மூன்று நாள், நாளுக்கு 25,000. பங்காளிகள் மூவரும் போனிலேயே சரி சொல்லிவிட்டார்கள். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்து வாதாடினார்.

"நம்ம ஊருக்குச் சினிமா புதுசா அப்பச்சி? யுத்த காலத்துல ஏவிஎம் செட்டியார் இங்கனதானே ஸ்டுடியோ போட்டாக? 1947-ல வந்த 'நாம் இருவர்' தேவகோட்டை ரஸ்தாவுல எடுத்ததுதானே?"

அப்பச்சி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "அவுக கொட்டகை போட்டு எடுத்தாக. வளவுலயா எடுத்தாக?" என்றார்.

அண்ணனிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால் என்னிடமும் இல்லை.

அப்பச்சிக்குச் சினிமா மேல் கோபம் கிடையாது. டிவியில் கண்ணதாசன் பாட்டு வந்தால் "நம்ம சிறுகூடல்பட்டிக்காரரு" என்று சத்தத்தைக் கூட்டுவார். அவர் கேட்டது ஒன்றுதான்: "வாடகை வந்தா நாலு பங்கு. தரை உடைஞ்சா எத்தனை பங்கு?"

75,000-ஐ நாலாகப் பிரித்தால் 18,750. தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லை இன்றைக்கும் கண்ணாடி மேல் வர்ணம் ஊற்றிக் கையால்தான் செய்கிறார்கள், வாங்கிவிடலாம். ஆனால் மூணு தலைமுறை நடந்து மினுங்கிப்போன கல்லுக்குப் பக்கத்தில் புதுக்கல்லைப் பதித்தால் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரிதான் தெரியும்.

இந்தக் கேள்வி எங்கள் ஐயாவிடமிருந்து, அதாவது அப்பச்சியின் அப்பாவிடமிருந்து வந்தது. ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் பண்ணப் போனவர். நிலத்தை ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தால் பயமில்லை என்றுதான் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். 1930-ல் நெல் விலை விழுந்தது. ஒருவர் இருவர் இல்லை, கடன் வாங்கிய அத்தனை பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் நூற்றுக்கு 6 பங்கு நிலம். கட்டாத கடனுக்கு நிலமே வந்து சேர்ந்ததில் 1938-ல் 25 பங்கு. வெளியிலிருந்து பார்த்தவனுக்கு அது சொத்து. உள்ளே இருந்தவனுக்கு வராத பாக்கி. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நிலத்தை மடியில் கட்டிக்கொண்டா நடக்க முடியும்? "ஈடு கையில இருக்கணும், ஊர்ல இருக்கக்கூடாது" என்பார் ஐயா.

நடுவில் அண்ணன் மகன் கதை ஒன்று. பங்குச்சந்தையில் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் ஆப்ஷன் டிரேடிங்கில் கைப்பணத்தை விட்டான். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் இந்த வகை டிரேடிங்கில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொன்னதைக் காட்டினேன். "மிச்சம் 7 சதவீதம் இருக்குல்ல சித்தப்பா" என்றான். அவனோடு பேசுவதை விட்டுவிட்டேன்.

படப்பிடிப்புக்கு வருகிறேன். கடைசியில் அப்பச்சி ஒத்துக்கொண்டார், தன் நிபந்தனைகளோடு. 50,000 முன்பணம், செக் இல்லை, ரொக்கம். டிராலி தண்டவாளத்துக்கு அடியில் பலகை. எங்கேயும் ஆணி கூடாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் ராத்திரி, யாரோ அவசரத்தில் தேக்கு நிலையில் நாலு அங்குல ஆணி அடித்து விளக்கை மாட்டிவிட்டார்கள். அப்பச்சி முன்பணத்தில் 10,000 பிடித்துக்கொண்டு மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார். அந்த மேனேஜர் முகப்பில் நின்று போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. "அந்தப் பத்தாயிரத்துலயும் எங்க பங்கு உண்டுல்ல?" என்று ஒரு பங்காளி போன் செய்தார். "தாராளமா. வந்து ஓட்டையிலயும் பங்கைப் பிரிச்சுக்கங்க" என்று வைத்துவிட்டார் அப்பச்சி. அப்புறம் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது வேறொரு கம்பெனி. நாளுக்கு 40,000, ஏழு நாள். ஆனால் பேய்ப் படம்.

அண்ணன், "ஓடு மாத்துற செலவு மொத்தமா வந்துரும்" என்கிறார். அப்பச்சி, "நம்ம வீட்டைப் பேய் வீடுன்னு ஊரு பூராக் காட்டிப்புட்டா, நாளைக்கு உன் மகனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அதுக்கு எம்புட்டு முன்பணம் வாங்குறது?" என்கிறார். நான் இந்தத் தடவை அப்பச்சி பக்கம்.

ஆத்தா மட்டும் ஒரே கேள்வியோடு நிற்கிறாள்: "பேயா யாரு நடிக்கிறா?"