கடைசி ரீடிங்

அன்புள்ள ஐயா,

செவ்வாய்க் கோளில் ஓடிய ஆப்பர்சூனிட்டி ரோவரின் பயணம் முடிந்துவிட்டது என்று நாசா அறிவித்ததை நானும் மூன்று நண்பர்களும் ஓசூரில் எங்கள் அறையில் செல்போன் நேரலையில் பார்த்தோம். அமெரிக்காவில் 2019 பிப்ரவரி 13. நம் கணக்குக்கு 14 பிறந்து அரை மணி நேரம். 90 நாள் ஆயுளோடு போன வண்டி 15 வருடம் ஓடியதே என்று நால்வரும் அழுதோம். ஒன்றரை மணிவாக்கில் மொட்டை மாடிக்குப் போய், மேற்கே சிவப்பாக மின்னிய செவ்வாயைப் பார்த்துக் கையசைத்து விடைகொடுத்தோம். ரோவர் கடைசியாக அனுப்பிய "என் பேட்டரி குறைந்துவிட்டது, இருட்டிக்கொண்டு வருகிறது" என்ற வரியை டீ-ஷர்ட்டில் அச்சடித்து இன்றும் வைத்திருக்கிறேன்.

அலமாரியை ஒழிக்கும்போது என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "காதலர் தினத்தன்னிக்கு ஒரு வண்டிக்காகவா அழுதீங்க? உங்க பாட்டி செத்தப்பகூட அழலைன்னு அத்தை சொன்னாங்களே" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனாலும் தைத்தது. உயிரில்லாத ஒன்றுக்காக அழுவது அசட்டுத்தனமா? வேற்றுக் கோளில் இவ்வளவு பணத்தைக் கொட்டுவது சரியா என்று நண்பர் ஒருவரும் கேட்கிறார். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ராகவன்

அன்புள்ள ராகவன்,

பணத்தைப் பற்றி உங்கள் நண்பரையே எழுதச் சொல்லுங்கள், அவருக்கு வேறொரு நாள் வைத்துக்கொள்கிறேன். இயந்திரத்துக்காக அழலாமா என்றால், தாராளமாக அழலாம். அந்த வண்டியோடு வருடக்கணக்காக வேலை பார்த்த பொறியாளர்களே அழுதார்கள். அவர்கள் அதை 'அவள்' என்றுதான் சொல்வார்கள். ஆயுத பூஜைக்கு லாரிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற நமக்கு இதில் என்ன கூச்சம்? பாட்டி விஷயம் உங்களுக்கும் பாட்டிக்கும் நடுவில் உள்ளது. அதற்குள் நான் வரவில்லை.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தது அந்த டீ-ஷர்ட்டால்தான். கொஞ்ச நாளாக எனக்குள் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை அது கிளறிவிட்டது.

அந்த வண்டி அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லவே இல்லை, ராகவன்.

2018 மே மாதக் கடைசியில் செவ்வாயில் கிளம்பிய புழுதிப்புயல் சில வாரங்களில் கோளையே மூடியது. எண்டெவர் என்கிற 22 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தின் விளிம்பில், ஒரு சரிவில் நின்றிருந்தது ஆப்பர்சூனிட்டி. ஜூன் 10 அன்று அதனிடமிருந்து கடைசியாகத் தகவல் வந்தது. வானம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று சொல்லும் 'டௌ' என்ற அளவு, 10.8. சூரியத் தகடுகளில் அன்று கிடைத்த மின்சாரம், 22 வாட்-மணி. கூடவே பாதியில் அறுந்த ஒரு படம், முழுக்க இருட்டு, அதில் பொரிப்பொரியாகப் புள்ளிகள். அவ்வளவுதான் வந்தது. எட்டு மாதம் கழித்து, லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த ஜேக்கப் மார்கோலிஸ் என்ற அறிவியல் செய்தியாளர், கடைசித் தகவலின் சாரம் இது என்று ட்விட்டரில் அந்த வரியை எழுதினார். சாரம் என்றுதான் சொன்னார். அவர்மேல் தப்பில்லை. ஊர் உலகம் 'சாரம்' என்பதை உதிர்த்துவிட்டு மேற்கோள்குறியை மட்டும் பிடித்துக்கொண்டது. மேற்கோள்குறி போடுவது, இது இன்னார் வாயிலிருந்து வந்தது என்று சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்வது மாதிரி. நீங்கள் அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிகிறீர்கள்.

எண்ணில் என்ன சார் உருக்கம் இருக்கிறது என்பீர்கள். நான் ரீடிங் எடுப்பவரின் மகன்.

அப்பா மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டு வருவார். பழைய கறுப்பு மீட்டருக்குள் ஒரு அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். கதவைத் தட்டுவதற்கு முன்பே அது சுற்றும் வேகத்தைப் பார்த்து, "உள்ள அயர்ன் பாக்ஸ் போட்ருக்காங்க" என்பார். கோடை விடுமுறையில் டார்ச் பிடிக்க நானும் போவேன். ஓர் ஓட்டு வீட்டில் தனியாக ஒரு வயதான அம்மாள் இருந்தார். ஒரே ஒரு நாற்பது வாட் பல்பு, சாயங்காலத்தில் நாலு மணி நேரம் எரியும். தடவைக்கு ஒன்பது யூனிட், கூடிப்போனால் பத்து. ஒருமுறை போனபோது வீடு பூட்டியிருந்தது. திண்ணைச் சுவர் மீட்டரில் நான் டார்ச்சை அடித்தேன். அப்பா இரண்டு தடவை பார்த்தார். மூன்று யூனிட். அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: "அந்தம்மா இருபது நாள் வெளக்கு போட்ருக்கு. அதுக்கப்புறம் போடல." பிறகு ரசம் கேட்டார்.

22 வாட்-மணி என்பதை நான் அந்தக் காதோடுதான் கேட்டேன். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-மணி. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய புதிதில் ஆப்பர்சூனிட்டிக்கு ஒரு நாளைக்கு 900 வாட்-மணி அளவுக்குக் கிடைத்தது. முழுசாக ஒரு யூனிட்கூட இல்லை. அந்தச் சொற்ப கரண்டில்தான் 45 கிலோமீட்டர் போனது, பாறையைத் துருவியது, அங்கே ஒருகாலத்தில் தண்ணீர் இருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னது. புயலுக்கு முன்னால் அறுநூற்றுச் சொச்சம் கிடைத்துக்கொண்டிருந்தது. சில நாளில் 22. அதை வைத்து நம் வீட்டு மின்விசிறியை ஒரு பதினெட்டு நிமிடம் ஓட்டலாம். டௌ 10.8 என்றால், சூரியனிலிருந்து நேராக வருகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் தரையைத் தொடும். 2007-இல் ஒரு பெரிய புயலைத் தாண்டி வந்த வண்டிதான் இது. அந்தப் புயலுக்கு டௌ இதில் பாதி. இவ்வளவும் அந்த இரண்டு எண்ணுக்குள் இருக்கிறது. அதற்கு மேல் "இருட்டிக்கொண்டு வருகிறது" என்று சினிமா வசனம் எதற்கு?

90 நாள் ஆயுள் என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியில்லை. அது வாரண்டி. இரண்டு வருட வாரண்டியோடு வாங்கிய மிக்ஸி மூன்றாம் வருடமும் அரைத்தால் நாம் யாரும் அழுவதில்லை. தகடுகளில் புழுதி படிந்துவிடும் என்று பயந்தார்கள், செவ்வாயின் காற்றே அவ்வப்போது வந்து கூட்டிவிட்டுப் போனது. சரி, அதை விடுங்கள்.

அழத்தான் வேண்டும் என்றால் அழுவதற்கு உண்மையிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் டீ-ஷர்ட்டில் போடமாட்டேன் என்கிறார்கள். அந்த வண்டியின் கைத் தோளில் ஒரு சூடேற்றி இருந்தது. இறங்கிய நாளிலிருந்தே அது அணையாமல் சிக்கிக்கொண்டது. விட்டால் பேட்டரியைக் குடித்துவிடும் என்பதால் ராத்திரியில் எல்லாவற்றையும் அணைத்து வண்டியை ஆழ்ந்த தூக்கத்தில் போட்டார்கள். பத்து வருடம் கழித்து நினைவகம் பழுதானது. அணைத்தாலும் அழியாமல் வைத்திருக்கிற ஃபிளாஷ் நினைவகம், நம் பென் டிரைவில் இருப்பது. 2014-இல் அது தகராறு செய்யத் தொடங்கி, கடைசியில் அதை நம்பவே முடியாமல் போய்விட்டது. மிச்சமிருந்தது விழித்திருக்கும்வரை மட்டுமே தங்குகிற நினைவு. புரிகிறதா ராகவன்? பகலில் எதைப் பார்த்தாலும், தலைக்கு மேலே கடந்துபோகிற விண்கலத்திடம் தூங்கப்போகும் முன்பு சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தூங்கினால் காலையில் அது கிடையாது. வருடக்கணக்காக ஒவ்வொரு நாளும் இப்படித்தான் ஓடியது. முன் வலது சக்கரம் திரும்பாது, கையின் தோள்மூட்டு சரியாக அசையாது, பெரும்பாலும் பின்பக்கமாகவே ஓட்டினார்கள். அப்படியும் அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே சொல்லிவிட்டுத் தூங்கியிருக்கிறது. புயல் மூடிய பிறகு எட்டு மாதம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகளை அனுப்பி எழுப்பிப் பார்த்தார்கள்.

ரசிகர்கள் என்றால் என்ன செய்வார்கள் என்பதையும் சொல்கிறேன். 2004-இல் செவ்வாயிலிருந்து வந்த படங்களை மெருகேற்றாமல், வந்த கையோடு இணையத்தில் போட்டார்கள். ஒவ்வொரு நிற வடிகட்டி வழியாகவும் எடுத்த தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படங்கள். உலகமெங்கும் சம்பளமில்லாத ஆட்கள் ராத்திரி உட்கார்ந்து அவற்றைச் சேர்த்து வண்ணம் வரவழைத்தார்கள், அடிவானத்தை ஒட்டவைத்தார்கள். அந்த வருடம் பிரவுசிங் சென்டரில் நானும் ஒரு படம் பார்த்தேன். மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கியது. மூன்று சென்டிமீட்டர் அகல மண்ணில் மிளகு மிளகாக உருண்டைகள். அமெரிக்கர்கள் அதற்கு புளூபெர்ரி என்று பேர் வைத்தார்கள். தண்ணீரில் விளைந்த ஹெமடைட் என்கிற இரும்புத் தாது மணிகள். படம் முழுசாக இறங்குவதற்குள் என் அரை மணி நேரம் முடிந்துவிட்டது.

டீ-ஷர்ட்டில் போட்டே ஆகவேண்டும் என்றால் அதன் கடைசி அகலப் படத்தைப் போடுங்கள். 2018 மே 13 முதல் ஜூன் 10 வரை எடுத்த 354 படங்களைச் சேர்த்தது. அதில் சில கட்டங்கள் மட்டும் வண்ணமில்லாமல் கறுப்பு வெள்ளையாகவே நிற்கின்றன. மற்ற வடிகட்டிகளை மாற்றி அந்த இடங்களை மறுபடி எடுப்பதற்குள் புயல் வந்துவிட்டது.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான் மட்டும். விடியற்காலை நாலரை மணிக்கு மாஸ்க்கை விலக்கிவிட்டு, "செருப்ப எங்கடா விட்ட?" என்றார். வார்டுக்குள் செருப்பு கூடாது என்று வெளியே கழற்ற வைத்திருந்தார்கள். "வெளிய இருக்குப்பா" என்றேன். தலையை ஆட்டினார். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. காரியத்தன்று பெரியப்பா வந்தவர்களிடமெல்லாம், "எல்லாரையும் பாத்துக்கடான்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனான்" என்றார். பெரியப்பா அன்றைக்கு ஊரிலேயே இல்லை. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி நோட்டீஸில் அந்த வரி மேற்கோள்குறிக்குள் அச்சானது. புரூஃப் பார்த்தது நான்தான். ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். வரியை விட்டுவிட்டேன். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் தங்கை மகன் என்னிடமே வந்து, "தாத்தா கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னார்னு எனக்குத் தெரியும் மாமா" என்று அதை ஒப்பித்தான். பன்னிரண்டு வயது. "ஆமாண்டா" என்றேன்.

அது பழுப்பு ரப்பர் செருப்பு. இடது வாரில் ஊக்கு குத்தியிருக்கும். அவரை வெளியே கொண்டுவந்தபோது வாசலில் அதைக் காணவில்லை.

அப்புறம் இன்னொன்று. நீங்கள் எழுதியிருக்கிற நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பிப்ரவரியில் செவ்வாய் நம் ஊரில் இரவு பதினொரு மணிக்கு முன்பே மேற்கே மறைந்துவிடும். நீங்கள் மாடி ஏறியது ஒன்றரைக்கு. போதாததற்கு 'மின்னியது' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள், கோள் அப்படி மின்னாது. அந்த நேரத்தில் மேற்கே, சிவப்பாக, மின்னிக்கொண்டு நின்றிருக்கக்கூடியது திருவாதிரை. நாலு பேரும் அதற்குத்தான் கையசைத்திருக்கிறீர்கள்.

இதை உங்கள் மனைவியிடம் சொல்ல வேண்டாம்.