சிங்கிள் பேஸ் வீட்டில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெல்ட் கிரைண்டருக்கு எந்த மோட்டார், எப்படி ஒயரிங்?

நீங்கள் சொன்னது இது: இரும்பையும் கத்தியையும் உரசும் பெல்ட் கிரைண்டர், 50 மிமீ அகலம், 1830 மிமீ நீளப் பெல்ட், 2 எச்பி, வீட்டில் இருப்பது 230 வோல்ட் சிங்கிள் பேஸ். கடைக்காரர் சிங்கிள் பேஸ் மோட்டாரோடு ஒரு ரெகுலேட்டர் போட்டால் போதும் என்றிருக்கிறார்.

அந்த ரெகுலேட்டர் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். கெபாசிட்டர் ஸ்டார்ட் மோட்டாருக்குள் ஒரு சென்ட்ரிபியூகல் சுவிட்ச் இருக்கும். முக்கால்வாசி வேகம் பிடித்ததும் அது ஸ்டார்ட்டிங் காயிலைக் கழற்றிவிடும். வேகத்தைக் குறைத்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். சில விநாடிகளுக்கென்று கட்டிய காயில் தொடர்ந்து ஓடினால் கருகாமல் என்ன செய்யும்?

சரியான வழி, த்ரீ பேஸ் மோட்டாரும் அதற்கு ஒரு விஎஃப்டியும் (ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்). சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாகக் கொடுக்கும் டிரைவ் என்று கேட்டு வாங்குங்கள். 2 எச்பிக்கு 1.5 கிலோவாட் டிரைவ். இங்கேதான் நான் ஒரு மாதம் கோட்டை விட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த டிரைவுக்கு உள்ளே போவது 230 வோல்ட், வெளியே வருவதும் 230தான். 415 ஆக மாற்றித் தராது. நம் ஊரில் விற்கும் 2 எச்பி வரையிலான த்ரீ பேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட், ஸ்டார் இணைப்பு (மூன்று காயிலின் ஒவ்வொரு முனையும் ஒரே முடிச்சில் சேர்வது). அதை அப்படியே 230இல் ஓட்டினால் சுற்றும், சத்தமும் நன்றாகவே இருக்கும். இரும்பை வைத்து அழுத்தினால் நின்றுவிடும். வோல்டேஜ் குறைந்தால் இழுவை அதன் வர்க்கத்தில் குறையும்; ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நான் பெல்ட்டைக் குறை சொன்னேன், டிரைவைக் குறை சொன்னேன், டென்ஷன் ஸ்பிரிங்கைக்கூட மாற்றினேன்.

தீர்வு டெல்டா இணைப்பு, அதாவது மூன்று காயிலையும் முனைக்கு முனை முக்கோணமாகச் சேர்ப்பது. 415ஐ 1.732 ஆல் வகுத்தால் 240. அதாவது அதே மோட்டாரை டெல்டாவில் மாற்றிக் கட்டினால் 240 வோல்ட் மோட்டார் ஆகிவிடும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் ஐந்து நிமிட வேலை: ஒரே வரிசையில் குறுக்காகக் கிடக்கும் பித்தளைப் பட்டைகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று ஜோடியாக மாட்டினால் முடிந்தது. எனக்கு வந்தது மூன்றே ஒயர். ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் புதைந்திருந்தது. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு வைண்டிங் கடைக்காரர் மூடியைத் திறந்து, வார்னிஷைச் சுரண்டி, மூன்று முனையும் சேரும் அந்த முடிச்சைத் தேடிப் பிடித்து வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு வெளியே இழுத்துக் கொடுத்தார். "கிரைண்டருக்கு" என்று சொன்னதும் மாவரைக்கிற கிரைண்டர் என்றே அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் வேறென்ன நினைப்பார்கள்!

டெல்டாவுக்கு மாற்றியதும் டிரைவில் மோட்டார் கரண்டையும் மாற்றிப் போட வேண்டும். என் மோட்டாரின் பெயர்த்தகட்டில் 3.4 ஆம்பியர், அதை 1.732 ஆல் பெருக்கி நான் போட்டது 5.9.

ஒயரிங் பெரிய வித்தை இல்லை. முழுச்சுமையில் டிரைவ் 14, 15 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் போர்டிலிருந்து பட்டறைக்கென்று தனி லைன், 4 சதுர மிமீ ஒயர், 20 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி. பேஸும் நியூட்ரலும் டிரைவின் உள்ளீட்டில். வெளியீட்டிலுள்ள யு, வி, டபிள்யூ மூன்றும் மோட்டாருக்கு. தவறி மெயின் லைனை யு, வி, டபிள்யூவில் கொடுத்தால் டிரைவ் போச்சு. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்காதீர்கள். எர்த் மோட்டார் பாடிக்கு மட்டும் போதாது, கிரைண்டர் ஃபிரேமுக்கும் வேண்டும். பழைய வீடாக இருந்தால் சாக்கெட்டின் எர்த் உண்மையிலேயே எங்காவது போய்ச் சேர்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். டிரைவின் ஃபில்டர் கொஞ்சம் கரண்டை எர்த்துக்குக் கசியவிடும், அதனால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழலாம். அதற்காக எர்த்தைக் கழற்றுவது தற்கொலை. "டைப் ஏசி" என்ற சாதாரண ஆர்சிசிபி இதற்குச் சரிவராது. எந்த வகை என்று டிரைவின் மேனுவலில் இருக்கும், அதை வாங்கிப் போடுங்கள்.

வேகத்துக்கு 10 கிலோ ஓம் குமிழ் ஒன்று போதும். நான் 1440 ஆர்பிஎம் மோட்டாரில் 200 மிமீ டிரைவ் வீல் போட்டிருக்கிறேன். 50 ஹெர்ட்ஸில் பெல்ட் விநாடிக்கு 15 மீட்டர் ஓடுகிறது. ஹார்டன் செய்த கத்தியை 20 ஹெர்ட்ஸில் உரசுவேன், அது 6 மீட்டர். வேகமாக உரசினால் விளிம்பில் நீலம் பாயும், பதம் போய்விடும். ரொம்ப நேரம் 20க்கும் கீழே ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகிச் சூடேறும். கையை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கரண்ட் கட். ஆன்/ஆஃப் சுவிட்ச் ஒன்றை டிரைவின் கண்ட்ரோல் டெர்மினலில் கொடுத்திருந்தேன். கரண்ட் போனது, சுவிட்சை அணைக்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன். கரண்ட் வந்ததும் பெல்ட் தானாக ஓடத் தொடங்கி, ரெஸ்ட் மேல் வைத்திருந்த மரத்துண்டு எதிர்ச்சுவரில் போய் அடித்தது. அன்றே மூன்று ஒயர் முறைக்கு மாறினேன்: பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் ஓடும், சிவப்பை அமுக்கினாலோ கரண்ட் போனாலோ நிற்கும், திரும்ப அமுக்கும்வரை அசையாது.

டிரைவைக் கிரைண்டர் பக்கத்தில் திறந்து மாட்டாதீர்கள். இரும்புத் தூள் கரண்டைக் கடத்தும். என் முதல் டிரைவ் நான்கே மாதத்தில் பட்டென்று வெடித்தது. இப்போது எதிர்ச்சுவரில், ரப்பர் பீடிங் வைத்த பெரிய தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. சூட்டுக்காகத்தான் பெரிய பெட்டி. திறக்கும் முன் மெயினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும்.

மோட்டார் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் டெர்மினல் பெட்டியைத் திறந்து, தகட்டில் என்ன வோல்ட், உள்ளே ஒயர் மூன்றா ஆறா என்று பார்த்துச் சொல்லுங்கள்.