மச்சினன் கையில் மட்டும் பட்டை இல்லை

கேள்வி: நான் கட்டட வேலையில் மேற்பார்வையாளர். இதயத் துடிப்பு, உடல் சூடு, அசைவு எல்லாவற்றையும் பதிவு செய்யும் சென்சார் பட்டையை நிறுவனம் கொடுத்திருக்கிறது. யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்பதையும் அதை வைத்தே கணக்கிடுகிறார்கள். பலர் கட்ட மறுக்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
பின்குறிப்பு: என் மச்சினனும் இங்கேதான் வேலை செய்கிறான். வயது 44, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறான். வேலை போய்விடக் கூடாதே என்று அவனுக்கு மட்டும் பட்டை கொடுக்கவில்லை.

பதில்: உங்கள் கேள்விக்குப் பதில் அந்தப் பின்குறிப்பிலேயே இருக்கிறது. பட்டையால் வேலை போகும் என்று நீங்களே நம்புகிறீர்கள். மற்றவர்களும் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். அவர்களைக் காப்பாற்ற மேற்பார்வையாளராக ஓர் அத்தான் இல்லை, அவ்வளவுதான்.

மச்சினனையாவது காப்பாற்றினீர்களா? வெயிலில் அதிக ஆபத்து அவருக்குத்தான். பிரஷர் மாத்திரைகளில் சில உடம்பின் நீரை வெளியேற்றும். சில, இதயத் துடிப்பை ஏறவிடாது. 180இலிருந்து வயதைக் கழித்து, துடிப்பு அதற்கு மேல் சில நிமிடங்கள் நீடித்தால் வெயில் வேலையை நிறுத்த வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. 44 வயதுக்கு 136. ஆனால் அது இதயம் நன்றாக இருப்பவர்களுக்கான கணக்கு. துடிப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர், பட்டையில் அந்த எண் வருவதற்கு முன்பே மயங்கி விழலாம். அவர் சாப்பிடுவது எந்த மாத்திரை என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? மனைவியின் தம்பியைச் சாரத்தில் ஏற்றிவிட்டு, இதைக்கூடக் கேட்காமல் எப்படி இருக்க முடிகிறது?

வேலைக் கணக்குக்கு வருகிறேன். ரசமட்டம் வைத்துச் சுவரைப் பார்க்கும் கொத்தனார் அசையாமல்தான் நிற்பார். பட்டைக்கு அவர் சும்மா நிற்கிறவர். இதை வைத்துக் கூலியை முடிவு செய்வது அநியாயம். துடிப்பும் சூடும் தொழிலாளிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும், கூலியோடு சேர்க்கக் கூடாது என்று நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி கேளுங்கள். தர மறுத்தால், யாரையும் கட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

அதுவரை பட்டை இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வெயிலில் 15, 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர், நிழலில் ஓய்வு. புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வழக்கமான நேரத்தில் 20 சதவீதம்தான் வெயில் வேலை, பிறகு தினமும் கொஞ்சம் கூட்டலாம். இதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அப்புறம், இந்த வாரமே மச்சினனை மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வெயிலில், உயரத்தில் செய்யும் வேலை என்பதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.