ஐஐடி சீட்டுக்கு ஏஜென்ட் எதுக்கு?

அண்ணா வணக்கம். திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்குறேன். பொண்ணு அரசுப் பள்ளில பிளஸ் டூ காமர்ஸ் முடிச்சிருக்கா. ஐஐடி மெட்ராஸ்ல வீட்டுல இருந்தே படிக்கிற டேட்டா சயின்ஸ் டிகிரி வேணுங்கிறா. ஒரு கன்சல்டன்சில 15 ஆயிரம் குடுத்தா சீட் வாங்கித் தர்றோம்ங்கிறாங்க. பக்கத்து வீட்டுக்காரர் அது ஐஐடியே இல்லைங்கிறார். என்ன பண்றதுங்ணா?

தங்கச்சி, மொதல்ல அந்த 15 ஆயிரத்தை உள்ள வைங்க. அந்த டிகிரிக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு கிடையாது, நாலு வாரம் வீடியோ பாத்து அசைன்மென்ட் முடிச்சு, அப்புறம் சென்டருக்கு நேர்ல போய் குவாலிஃபையர்ங்கிற தகுதித் தேர்வு எழுதணும், பாஸ் பண்ணா சேந்துக்கலாம் அவ்ளோதான், இதுல எவன் சீட் வாங்கித் தர்றது?

பக்கத்து வீட்டுக்காரர் சொல்றது பாதி சரி. இது பிடெக் இல்ல, பிஎஸ்ங்கிற நாலு வருஷ சயின்ஸ் டிகிரி. ஹாஸ்டல் கேம்பஸ் எல்லாம் வராது, ஆனா டிகிரி குடுக்கிறது ஐஐடி மெட்ராஸ்தான்.

நாலு வருஷமும் படிச்சா சலுகை இல்லாம 3 லட்சத்துக்கு மேல ஆகும். பயப்படாதீங்க, மொத்தமா கட்ட வேணாம், எடுக்குற பேப்பருக்கு மட்டும் கட்டினா போதும், நடுவுல நிறுத்தினாலும் முடிச்ச கட்டத்தப் பொறுத்து ஃபவுண்டேஷன் சர்டிபிகேட்டோ டிப்ளமோவோ கெடைக்கும். வருமானம், பிரிவு பாத்து பாதி, முக்கால்வாசி வரைக்கும் கூட ஃபீஸ் குறைப்பாங்க. இங்கதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. எங்க தெருப் பையன் ஒருத்தன் லேமினேட் பண்ணி வச்சிருந்த பிசி சர்டிபிகேட்டையே அப்லோட் பண்ணிட்டான், அது செல்லாது, மத்திய அரசு ஃபார்மட்ல ஓபிசி, ஆனா கிரீமி லேயர் (வசதியானவங்க) இல்லைன்னு தனி சர்டிபிகேட் வேணும். அந்தத் தடவை முழு ஃபீஸ் கட்டினாங்க, அவங்கம்மா கம்மல் அடகுக்குப் போச்சு. நீங்க பிசி, எம்பிசின்னா இ-சேவைல அதுக்கும் வருமானச் சான்றுக்கும் இப்பவே போட்டுடுங்க.

ஆனா இத மட்டும் நம்பி வீட்டுல உக்கார வைக்காதீங்க. எல்ஆர்ஜி அரசு மகளிர் காலேஜ்ல பிகாம் அப்ளை பண்ணுங்க. ரெகுலர் ஒண்ணு, ஆன்லைன் ஒண்ணுன்னு ரெண்டு டிகிரி சேந்து படிக்கலாம்னு யுஜிசி 2022லயே சொல்லிடுச்சு. ஆறாவதுல இருந்தே அரசுப் பள்ளின்னா தமிழக அரசோட புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 வரும், அரசு டவுன் பஸ்ஸும் ஃப்ரீ.

பாப்பா பிளஸ் டூல மேத்ஸ் எடுக்கலைன்னா லாகரிதம், ஃபங்ஷன் மாதிரி கணக்கெல்லாம் மொதல் டெர்ம்ல கண்ணக் கட்டும், அதனால ரெண்டு பேப்பரோட ஆரம்பிக்கச் சொல்லுங்க. அந்த 15 ஆயிரத்துல ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பாருங்க, பைத்தான் புரோகிராம் போன்ல அடிச்சுப் பழகுறது கஷ்டம்.